காணா இடத்துக் கடமை

ஒழுக்கவியல் நூல்கள் பெரும்பாலும் மனிதன் பெரும் நெருக்கடியில் நிற்கும் கணங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கின்றன. உண்மையைச் சொன்னால் நண்பன் மடிவான், பொய் சொன்னால் பிழைப்பான். ஒருவனைக் கைவிட்டால் ஐவரைக் காக்கலாம். இத்தகைய வினாக்களிலே அறிஞரின் சிந்தனை கூர்மை பெற்றுள்ளது. ஆயின், இத்தகைய கணங்கள் பெரும்பாலோரின் வாழ்வில் ஒருமுறையேனும் வருவதில்லை. நாள்தோறும் வருவன வேறு. செய்யவேண்டிய ஒரு சிறு வேலை இருக்கும். அதைச் செய்தாலும் பிறர் காணப்போவதில்லை. செய்யாது விட்டாலும் உடனடியாக எதுவும் நிகழப்போவதில்லை. மனிதனின் ஒழுக்கம் மிகுதியும் சோதிக்கப்படுவது இத்தகைய இடங்களிலேயே எனலாம்.

இங்கு எழும் வினா பின்வருமாறு. ஒரு பொருள் நல்ல நிலையில் உள்ளதென்று ஒருவன் மனமார நம்புகின்றான். ஆயின் அதைத் திறந்து பார்த்தவனல்லன். அந்நம்பிக்கை பொய்த்துப் பிறருக்குத் தீங்கு நேரின், "அறியேன்" என்னும் விடை அவனைக் காக்குமா? தீங்கு எதுவும் நேராது போயின், அவன் குற்றமற்றவன் ஆவானா? இவ்வினாவை வெறும் கருத்தளவில் ஆராய்வதினும் ஓர் எளிய பொருளை முன்வைத்து ஆராய்வது பயன் தரும். பழைய காம்பர் ட்ரெயிலர் ஒன்றின் சில்லுக்குள் மறைந்திருக்கும் பெயாரிங்கும், அதனைக் காக்கும் கிறீஸ் சீலும் அத்தகைய பொருள்களாகும்.

பொருளும் அதன் இயல்பும்

வட அமெரிக்காவில், காரின் பின்னாற் கொளுவி இழுத்துச் செல்லப்படும் சிறு தங்கல் வண்டியைக் காம்பர் ட்ரெயிலர் என்பர். கூரையை மேலெழுப்பி விரித்தால் ஒரு குடும்பம் படுத்துறங்கும் கூடாரமாக மாறும் வகையும், தகட்டுச் சுவர்கொண்ட சிறுவீடு போன்ற வகையும் இதில் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நெடுஞ்சாலைகளும் குடும்பக் கார்களும் பெருகிய காலத்தில், இவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்டவற்றுட் சில இன்றும் கைமாறிக் கைமாறிப் பயன்பட்டு வருகின்றன. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இவ்வண்டி ஆண்டின் பெரும்பகுதியை வீட்டின் புறத்தே பனிமூடிக் கழிக்கும். கோடை பிறந்ததும் ஒருநாட் காலை அதனைக் காரிற் கொளுவி, தொலைவிலுள்ள ஏரிக்கரைக்கோ காட்டுக்கோ இழுத்துச் செல்வர். மாதக்கணக்காக அசையாது கிடந்த ஒன்று அன்றே நெடுஞ்சாலை வேகத்துக்கு வந்துவிடுகின்றது.

இவ்வண்டியின் பாரத்தின் பெரும்பகுதி இறுதியிற் சென்று தங்குவது சில்லின் நடுவிலுள்ள குடத்திலேயாகும். குடத்துக்குள் அச்சின் முனையைச் சூழ இரண்டு பெயாரிங்குகள் உள்ளன. பாடநூல்கள் இவற்றைப் போதிகை என்று கூறும். ஒன்று உட்புறத்திலும் மற்றையது வெளிப்புறத்திலும் அமைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முனை சிறுத்த உருளைகள் ஒரு கூட்டுக்குள் வரிசையாக நிற்கும். ஹென்றி டிம்கன் என்பவர் 1898இல் ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவுகளிலே பக்கவாட்டில் எழும் தள்ளுவிசையையும் ஒருங்கே தாங்குவது இதன் சிறப்பாகும். 53 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு சிறிய சில்லு, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 முறை சுழலும். அத்தனை சுழற்சியிலும் உருக்கை உருக்கு அரைத்துவிடாமற் காப்பது இடையே நிற்கும் மெல்லிய கிறீஸ் படலமே.

அக்கிறீஸைக் காப்பது சீல். குடத்தின் உட்புற வாயிலில் பொருத்தப்படும் உலோக வளையமொன்றும், அச்சினைத் தழுவி நிற்கும் இறப்பர் உதடுமே அதன் உறுப்புகள். உள்ளிருக்கும் கிறீஸ் வெளியேறாமலும், வெளியிலுள்ள நீரும் மணலும் உட்புகாமலும் காப்பது இதன் தொழில். பெயாரிங்கோடு ஒப்பிடுகையில் இது மலிவானது, தோற்றத்திலும் எளியது. எனினும், இதன் உதடு காய்ந்து வெடித்தாலோ தேய்ந்து தளர்ந்தாலோ, விலைமிகுந்த பெயாரிங் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருப்பினும் நிலைக்காது. நீண்டதூரம் ஓடிச் சூடேறிய குடம் ஆற்றுத்துறையிலோ ஏரிக்கரையிலோ நீருள் இறங்கும்போது திடீரெனக் குளிர்கின்றது. உள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகின்றது. பழுதுற்ற சீலின் வழியே நீர் உறிஞ்சப்படுகின்றது. பிரேக் பூட்டிய ட்ரெயிலராயின், வெளியே கசியும் கிறீஸ் பிரேக் கட்டையில் படிந்து, நிறுத்தவேண்டிய வேளையிற் சில்லு நில்லாமற் செய்வதும் உண்டு.

ஓடுவதனால் மட்டுமன்றி ஓடாதிருப்பதனாலும் பெயாரிங் கெடும் என்பது நோக்கற்பாலது. அசையாது நிற்கும் வண்டியில் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கின்றன. உட்புகுந்த ஈரம் அவ்விடங்களிலே துருவை விளைவிக்கின்றது. வசந்தத்தில் அக்குடத்தைத் திறந்து பார்ப்பவர், பளபளப்பான வளையத்திலே உருளைகளின் இடைவெளிக்கு ஏற்ப வரிசையாகப் படிந்த கருங்கோடுகளைக் காண்பதுண்டு. "ஒன்றும் செய்யவில்லை, ஆகவே ஒன்றும் கெட்டிருக்காது" என்னும் பொதுவான எண்ணத்துக்கு அக்கோடுகளே மறுப்பாகும். பயன்படுத்தாமை வேறு, பாதுகாத்தல் வேறு.

பராமரிப்பு என்னும் செயல்

ட்ரெயிலர் அச்சுகளைச் செய்வோர் பொதுவாகக் கூறும் அறிவுரை, ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 12,000 மைல் ஓடியதும், எது முந்துகின்றதோ அப்போது, பெயாரிங்குகளைக் கழற்றிச் சோதிக்கவேண்டும் என்பதாகும். செய்முறை கடினமானதன்று. வண்டியை ஜக்கினால் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துதல், சில்லைக் கழற்றுதல், குடத்தின் முகப்பிலுள்ள தூசிமூடியை நீக்கி, நட்டைப் பூட்டி நிற்கும் ஊசியைப் பிடுங்குதல், நட்டையும் வெளிப் பெயாரிங்கையும் எடுத்துக் குடத்தை உருவுதல், பின்புறச் சீலை நெம்பி எறிந்துவிட்டு உட் பெயாரிங்கை எடுத்தல், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ வேறு கரைப்பானிலோ பழைய கிறீஸ் முற்றாகப் போகும்வரை கழுவி உலர்த்துதல். இவ்வளவும் முன்னோடி வேலைகளே.

மையமான செயல் அடுத்து வருவது, அது பார்த்தல். உருளையொவ்வொன்றையும் வெளிச்சத்திற் திருப்பிப் பார்க்கவேண்டும். மேற்பரப்பிற் குழி விழுந்திருக்கின்றதா, தோல் உரிந்தாற்போல உருக்குப் பெயர்ந்திருக்கின்றதா, சூட்டினால் நீலநிறம் பாய்ந்திருக்கின்றதா, கூடு வளைந்திருக்கின்றதா என்று ஆராயவேண்டும். ஐயம் எழுந்தால் பெயாரிங்கையும், அது ஓடும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய வளையத்தில் ஓடும் புதிய பெயாரிங் பழையதன் குறையைத் தானும் ஏற்றுக்கொள்ளும்.

அதன் பின்னரே கிறீஸ் இடுதல். உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸை எடுத்து, பெயாரிங்கின் அகன்ற விளிம்பை அதனுள் அழுத்தி அழுத்தி, மறுபுறத்தில் உருளைகளுக்கிடையே கிறீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்பவேண்டும். புறத்தே பூசிவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே உருளைகள் வறண்டே நிற்கும். பின்னர்ப் புதிய சீலைச் சரியாமல் தட்டி இறக்கிக் குடத்தை மீண்டும் பூட்டவேண்டும். குடத்தைச் சுழற்றியபடி நட்டை இறுக்கி, உருளைகள் அமர்ந்ததும் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் முடுக்கி, ஊசியால் நிலைநிறுத்துவது பழைய அச்சுகளுக்குரிய பொதுமுறை. மிக இறுகினால் சூடேறும். மிகத் தளர்ந்தால் சில்லு ஆடிச் சீலைத் தின்னும்.

எல்லாம் முடிந்தபின் தூசிமூடி அதன் இடத்தில் வந்து அமர்கின்றது. முழுநாள் உழைத்தவனின் வண்டியும், தூசிமூடியை மட்டும் துடைத்துவிட்டவனின் வண்டியும் அப்போது தோற்றத்தில் வேறுபடுவதில்லை. இவ்வேலையை ஒழுக்கவியலின் பொருளாக்குவது இவ்வேறுபாடின்மையே. வீடு கட்டியவனுக்கு வீடு சான்றாக நிற்கும். பயிர் செய்தவனுக்கு விளைச்சல் சான்று. பராமரித்தவனுக்குச் சான்று எது? ஒன்றும் நிகழாமையே. நிகழாத ஒன்றை எவரும் காண்பதில்லை. அதற்காக எவரும் நன்றி கூறுவதுமில்லை.

கூலிக்கு இவ்வேலையைச் செய்யும் தொழிலாளியின் நிலை இதனினும் கடியது. உடைமையாளன் பணத்தைக் கொடுத்து மூடிய குடத்தைப் பெற்றுக்கொள்கின்றான். உள்ளே பழைய சீல் அப்படியே விடப்பட்டதா, புதியது பொருத்தப்பட்டதா என்பதைத் தொழிலாளியின் மனச்சாட்சியன்றி வேறெதுவும் அறியாது. அவன் ஏமாற்றினாலும் பெரும்பாலும் அகப்படமாட்டான். அடுத்த ஆண்டில் சீல் கசிந்தால் அதற்குக் காரணம் கூற ஆயிரம் உண்டு. ஒப்பந்தமும் சட்டமும் எட்டாத அவ்விடத்தில் இருவரையும் இணைப்பது தொழிலின் நேர்மை ஒன்றே.

நம்பும் உரிமை

முதலில் எழுப்பிய வினாவுக்கு மிக நெருங்கிய ஆராய்ச்சியொன்றை ஆங்கிலக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிளிபோர்ட் 1877இல் வெளியிட்டார். நம்பிக்கையின் ஒழுக்கவியல் என்பது அக்கட்டுரையின் தலைப்பு. அவர் காட்டும் உதாரணம் ஒரு கப்பற் சொந்தக்காரன். அவனது கப்பல் பழையது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது, குடியேறச் செல்லும் மக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட நிற்பது. அதனை முற்றாகச் சோதித்துத் திருத்தவேண்டுமோ என்ற ஐயம் அவனுக்கு எழுகின்றது. செலவை எண்ணி அவ்வையத்தை அடக்கிக்கொள்கின்றான். எத்தனையோ புயல்களைக் கடந்து வந்த கப்பல் இம்முறையும் வந்துசேரும் என்று தன்னைத் தேற்றித் தேற்றி, ஈற்றில் உண்மையாகவே நம்பிவிடுகின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவனுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கின்றது.

கிளிபோர்டின் தீர்ப்புக் கண்டிப்பானது. அவன் மனமார நம்பினான் என்பது அவனுக்கு உதவாது. தன் முன் இருந்த சான்றுகளைக் கொண்டு அவ்வாறு நம்புவதற்கு அவனுக்கு உரிமையில்லை. பொறுமையோடு ஆராய்ந்து பெற்ற நம்பிக்கையன்று அது. ஐயங்களை நெரித்துப் பெற்ற நம்பிக்கை. 1870இல் சூரிய கிரகணத்தை ஆராயச் சென்ற குழுவினருடன் பயணம் செய்தபோது, சிசிலித் தீவருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் கிளிபோர்ட் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ட்ரெயிலர் உடைமையாளனின் நிலை இதனோடு பெரிதும் ஒத்தது. "சென்ற ஆண்டு ஒரு குறையுமின்றி ஓடியது" என்பான். சென்ற ஆண்டு ஓடியமை, அதன் பின்னர்ப் பனியிலும் மழையிலும் கிடந்த காலத்தைப்பற்றி எதுவும் கூறாது. "விற்றவர் கிறீஸ் இட்டதாகச் சொன்னார்" என்பான். விற்றவர் சொன்னதற்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பது, அவர் அறிந்து சொன்னாரா, அவருக்கு முன்னவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாரா என்பதைப் பொறுத்தது. பல கை மாறிய வண்டியில் ஒவ்வொருவரும் முன்னவரை நம்பியிருக்கக்கூடும். அந்நம்பிக்கைச் சங்கிலியின் தொடக்கத்தில் குடத்தைத் திறந்து பார்த்தவர் எவருமே இல்லாதிருக்கவும் கூடும்.

இவற்றினும் நுண்ணிய தன்னேமாற்று ஒன்று உண்டு. பிற்காலத்து அச்சுகள் சிலவற்றின் முனையில் கிறீஸ் ஏற்றும் முலையொன்று அமைந்திருக்கும். கிறீஸ் துப்பாக்கியை அதில் பொருத்தி அழுத்தினால், எதையும் கழற்றாமலே உள்ளே புதுக் கிறீஸ் செல்லும். முறைப்படி, சில்லைச் சுழற்றிக்கொண்டு மெதுவாகச் செய்தால் பயனுள்ள வசதிதான். ஆயின், இதனையே சோதனைக்கு மாற்றாகக் கொள்பவர் உளர். குழிவிழுந்த உருளைமேற் புதுக் கிறீஸ் இட்டால் குழி மறையுமேயன்றி ஆறாது. அவசரமாக அழுத்தினால் கிறீஸ் சீலையே தாண்டிப் பிரேக்கிற் பாயும். செய்தவனுக்கோ, கடமை முடிந்ததென்ற மனநிறைவு கிடைத்துவிடுகின்றது. எதுவும் செய்யாதவனிடம் ஓர் உறுத்தலாவது எஞ்சியிருக்கும்; பாராமற் செய்தவனிடம் அதுவும் இல்லை. தனிமனித வாழ்விலும் சமூக வாழ்விலும் உண்மை நிலையை ஆராயாது மேலே இடப்படும் நற்செயல்கள் பல இத்தன்மையன.

கிளிபோர்டின் கொள்கைக்கு வில்லியம் ஜேம்ஸ் 1896இல் மறுப்புரைத்தார். வாழ்வில் முக்கியமான சில விடயங்களில், சான்று முழுமையாகக் கிட்டும்வரை காத்திருக்க இயலாது. நம்பிச் செயற்படுவதே அங்கு அறிவுடைமை என்பது அவர் வாதம். இது வலுவான வாதமே. நட்பிலும் சமய அனுபவத்திலும் அது பொருந்தக்கூடும். ஆயின், அவ்வாதம் சான்று கிட்டாத இடத்துக்கே உரியது. இங்கு சான்று ஒரு தூசிமூடியின் பின்னால் உள்ளது. ஒருநாள் உழைப்பினாற் பெறக்கூடிய சான்றைப் பெறாதிருந்துகொண்டு நம்பிக்கையின் உரிமையைக் கோருதல் ஜேம்ஸின் கருத்துக்கும் ஒவ்வாது.

அறிகுறிக்குக் காத்திருத்தல்

"பழுது வந்தால் தெரியும்தானே, தெரிந்தபின் திருத்தலாம்" என்று சிலர் கூறுவர். காரின் சில்லுப் பெயாரிங் கெடும்போது இரைச்சலும் அதிர்வும் ஓட்டுபவனை எட்டும். ட்ரெயிலரின் நிலை அவ்வாறன்று. கெடும் சில்லு வேறொரு வண்டியில் உள்ளது. ஓட்டுபவனோ முன்னாலுள்ள வண்டியில், அதன் இயந்திர ஒலிக்கும் பிள்ளைகளின் பேச்சுக்கும் நடுவே இருக்கின்றான். சில்லு புகைவதை முதலிற் காண்பவர் பின்னால் வருபவராகவே இருப்பர். அச்சிலிருந்து கழன்ற சில்லு செல்வதும் பிறர் மேலேதான். அறிய வேண்டியவன் ஓரிடத்தில், தீங்குக்கு ஆளாகுபவன் வேறிடத்தில். இப்பிரிவு இருக்குமிடத்தில், "தெரியும்வரை காத்திருப்பேன்" என்பது, பிறருடைய உடலைத் தன் அறிகுறியாகப் பயன்படுத்துவதற்கு ஒப்பாகும்.

அறிகுறிகளை அறியும் கருவிகள் உள்ள இடத்தும் இவ்வாபத்து நீங்குவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஈஸ்ற் பலஸ்ரைன் என்னும் ஊரருகே 2023 பெப்ரவரி 3ஆம் திகதி ஒரு சரக்குப் புகையிரதம் தடம் புரண்டது. 38 பெட்டிகள் தடத்தைவிட்டு விலகின; அவற்றுட் 11 ஆபத்தான இரசாயனப் பொருள்களைக் கொண்டவை. ஒரு பெட்டியின் சில்லுப் பெயாரிங் சூடேறிக் கெட்டு அச்சு பிரிந்தமையே காரணமென விசாரணை கண்டது. புகையிரதப் பாதையோரத்திலே பெயாரிங்குகளின் வெப்பத்தை அளக்கும் கருவிகள் இருந்தன. முதற் கருவி சூழலின் வெப்பநிலையினும் 38 பாகை பரனைற்று மிகுதியெனக் காட்டியது. அடுத்தது 103 பாகை. மூன்றாவது 253 பாகை. மூன்றாவது எச்சரிக்கை எழுந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்த முயன்றபோதே காலம் கடந்துவிட்டது.

இதிலிருந்து பெறத்தக்கது, கருவிகள் பயனற்றவை என்பதன்று. வெப்பம் பெயாரிங்கின் நோயன்று. நோய் முற்றியதன் அடையாளம். நோயின் தொடக்கம் சீலின் காய்ந்த உதட்டிலோ, ஒரு துளி நீரிலோ, உருளையிற் படிந்த மெல்லிய துருவிலோ உள்ளது. அத்தொடக்கத்தைக் காட்டுவது கண்ணும் விரலுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கப்பல்களை அளவுமீறிப் பாரமேற்றி அனுப்பும் வழக்கத்துக்கு எதிராகச் சாமுவேல் பிலிம்சோல் போராடியதன் பயனாக 1876இல் பிரித்தானியச் சட்டம் கப்பலின் பக்கத்திற் பாரக்கோடு இடப்பட வேண்டுமென்றது. மறைந்திருந்த ஆபத்துத் துறைமுகத்தில் நிற்கும் எவரும் காணும் கோடாயிற்று. அது பெரும் சமூக வெற்றி. ஆயின், எல்லாவற்றுக்கும் அத்தகைய கோடு இட இயலாது. குடத்துக்குள் இருக்கும் பெயாரிங்கிற்குப் புறத்தே கோடில்லை. கோடு இட முடியாத இடங்களிலேதான் மனச்சாட்சியின் தேவை மிகுகின்றது.

தற்செயலும் குற்றமும்

இருவர் ஒரே ஆண்டில், ஒரே வகை ட்ரெயிலரை, ஒரே அளவு பராமரிப்பின்றி இழுத்துச் செல்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவன் ஏரிக்கரை சென்று மீண்டு வருகின்றான். மற்றவனின் சில்லுக் கழன்று எதிரே வந்த வண்டியைத் தாக்கி ஓர் உயிரைப் போக்குகின்றது. இருவரும் ஒரே குற்றம் புரிந்தவர்களா?

கிளிபோர்டின் விடை ஐயத்துக்கிடமற்றது. கப்பல் பத்திரமாக வந்துசேர்ந்திருப்பினும் சொந்தக்காரனின் குற்றம் அணுவளவும் குறையாது. அவன் குற்றவாளியாகக் காணப்படாதிருந்திருப்பான், அவ்வளவே. ஆயின், 1976இல் பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் ஒழுக்கத்தில் தற்செயலின் பங்கு பற்றி எழுதியபோது இவ்விடை அத்துணை எளிதன்று என்பது புலனாயிற்று. பிரேக்கைச் சோதிக்காது விட்ட லொறிச் சாரதியின் உதாரணத்தை நேகல் ஆராய்கின்றார். குழந்தையொன்று குறுக்கே ஓடிவந்து இறந்தால், அவன் தன்னைக் கொடிய குற்றவாளியாகக் கருதுவான். உலகும் அவ்வாறே கருதும். குழந்தை வராதிருந்தால், அதே கவனக்குறைவு மிகச் சிறியதொரு தவறாகவே மதிக்கப்படும். குழந்தை வந்ததும் வராததும் அவன் கையில் இல்லை. தன் வசமற்ற ஒன்றினால் ஒருவனின் குற்றத்தின் அளவு மாறுவது நியாயமாகாது என்று அறிவு கூறுகின்றது. மாறாது என்று கூற உள்ளம் மறுக்கின்றது.

இம்முரணை முற்றாகத் தீர்ப்பது அரிது. எனினும் ஒரு தெளிவு கூடும். இரு நிலைகளிலும் ஒன்றாக இருப்பது பாராமை என்னும் குற்றம். வேறுபடுவது பின்னர் சுமக்கவேண்டிய பொறுப்பு. உயிரிழந்தவரின் குடும்பத்தின் முன் நிற்கவேண்டிய கடன் ஒருவனுக்கு உண்டு, மற்றவனுக்கு இல்லை. ஆயின், மற்றவன் தன் நல்லூழைத் தன் நல்லொழுக்கமாக எண்ணிக்கொள்வானாயின் அது இரண்டாவது தவறாகும். பத்திரமாகத் திரும்பியவன், "பாராமலே பத்து ஆண்டு ஓட்டினேன், என்ன நடந்தது?" என்று பிறருக்கு அறிவுரை கூறத் தொடங்குகின்றான். ஊழ் தந்த விலக்கை விதியாக்கிப் பிறருக்குக் கற்பிக்கின்றான். ஒரு பிழையை ஒரு சமூகத்தின் பழக்கமாக்குவது இத்தகைய அனுபவ உரைகளே.

கடமையின் அளவு

இவ்வளவும் கூறியபின் ஓர் எதிர்வினா எழுவது இயல்பு. மனிதன் பயன்படுத்தும் பொருள்கள் எண்ணிறந்தன. எல்லாவற்றையும் திறந்து பார்க்கத் தொடங்கினால் வாழ நேரம் எஞ்சாது. அன்றியும், பிறரை நம்பாது எதனையும் தானே சோதிப்பேன் என்பவன் நேர்மையாளனாகான், நோயாளியாவான். இவ்வாட்சேபம் நியாயமானதே. பெயாரிங்கே இதற்குச் சான்று தரும். தேவைக்கு மேல் அடிக்கடி கழற்றினால் ஒவ்வொரு முறையும் தூசி புகவும், சீல் கோணவும் வாய்ப்புண்டு. அச்சத்தினால் நட்டை இறுக இறுக முடுக்கினால், காக்க எண்ணிய அச்செயலே பெயாரிங்கைச் சுட்டெரிக்கும். ஆகவே, மிகைக் கவனமும் ஒருவகைக் கவனக்குறைவே.

கடமைக்கு அளவு உண்டு என்பதே இதன் முடிவு. கடமை இல்லை என்பதன்று. அவ்வளவை மூன்று கேள்விகள் தரக்கூடும். தவறினால் வரும் தீங்கு எவ்வளவு பெரிது? அது தன்மேல் வருவதா, தான் அறியாத பிறர்மேல் வருவதா? உண்மையை அறிவதற்கான வழி தன் கைக்கு எட்டியதா? தீங்கு பெரிதாய், பிறருக்குரியதாய், அறியும் வழி எளிதாய் இருக்குமிடத்து, பாராதிருப்பதற்கு நியாயம் இல்லை. ட்ரெயிலரின் சில்லு இம்மூன்றுக்கும் உட்படுகின்றது. தானே செய்ய அறியாதவன் அறிந்தவனிடம் கொடுக்கலாம். செய்தவன் செய்த நாளையும் செய்ததையும் எழுதிவைக்கலாம். விற்பவன் அறிந்ததை மட்டும் கூறி, அறியாததை அறியேன் என்னலாம். இவை எவருக்கும் இயலாத அறங்கள் அல்ல.

சேம அச்சு

வண்டியின் அச்சினைக் கொண்டு மனித ஒழுக்கத்தை விளக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தோற்றத்தாற் சிறியது தேருக்கு இன்றியமையாததாகும் என்பதை உணர்த்த வள்ளுவர் அச்சாணியை உவமையாக்கினார். அளவறியாது ஏற்றினால் மயிலிறகும் அச்சை முறிக்கும் என்றவரும் அவரே. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைக் காட்டுகின்றார். எருதுகள் இளையவை, பாரமோ மிகுதி, மேடும் பள்ளமுமான வழியில் யாது நேருமென எவரும் அறியார். அது கருதி உமணர் வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிவைப்பர். பொகுட்டெழினி என்னும் தலைவனை ஔவையார் அச்சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். தலைவனின் பெருமையை வாளுக்கோ வேழத்துக்கோ ஒப்பிடாது, வண்டியின் கீழே எவர் கண்ணிலும் படாது தொங்கும் ஒரு மரத்துண்டுக்கு ஒப்பிட்டமை சிந்திக்கத்தக்கது.

அமெரிக்க நெடுஞ்சாலைகளிற் பழைய ட்ரெயிலரை இழுத்துச் செல்பவர்களிற் பலர், பெயாரிங்கும் கிறீஸும் இட்டு ஆயத்தமாக்கிய குடமொன்றைத் தம்முடன் கொண்டுசெல்வர். அது உமணரின் சேம அச்சேயாகும். ஆயின், சேம அச்சு உண்டென்பதற்காக ஓடும் அச்சைக் கவனியாது விட்ட உமணனை ஔவையார் பாடியிருக்கமாட்டார். சேம அச்சு வழியில் நிற்கும் வண்டியை மீண்டும் ஓடச்செய்யும். கழன்ற சில்லு பறித்த உயிரை மீட்காது.

எனவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இவ்வாறு அமைகின்றது. "நல்ல நிலையில் உள்ளதென நம்பினேன்" என்பது தன்னளவில் விடையாகாது. அந்நம்பிக்கை எவ்வாறு பெறப்பட்டது என்பதே கேட்கப்படும். கண்டு பெற்ற நம்பிக்கை பொய்த்தாலும் மனிதன் தலைநிமிர்ந்து நிற்கலாம். காணாது பெற்ற நம்பிக்கை பலித்தாலும் அது கடன்பட்ட அமைதியே. நெடுஞ்சாலையில் விரையும் ஒவ்வொருவரும் தாம் அறியாத ஒருவரின் குடத்துக்குள் என்ன இருக்கின்றது என்பதை நம்பியே செல்கின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராதல், தூசிமூடியை ஒருமுறை கழற்றிப் பார்ப்பதில் தொடங்குகின்றது.